போன தடவை சொன்னதுதான்

காசிலிங்கத்திடமிருந்து அடுப்படியைப் பிடுங்கிக்கொண்டார்கள், அதுவும் அவர் உண்மையைச் சொன்னார் என்பதற்காக. எழுபதைத் தாண்டிய ஆயுள் கைதி. மத்தியச் சிறையின் சமையல்கூடத்தில் சாம்பார் அண்டாவுக்கு அவர்தான் பொறுப்பு. சூப்பிரண்டு மாறினாலும் அண்டாவுக்கு ஆள் மாறாது என்று மற்றக் கைதிகள் கேலி பேசுவார்களாம். போன வருஷம் பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் ஆராய்ச்சி மாணவி வந்தாள். சிறையில் இருக்கும் முதியவர்களின் மனநலத்தை அளக்கிறேன் என்று ஆமா, இல்லை என்று பதில் சொல்லும்படியான கேள்விகளாகக் கேட்டாள். விடிவதற்கு வெகுநேரம் முன்பே விழிப்பு வந்துவிடுகிறதா? ஆமா என்றார், காலைப் பொங்கலுக்கு அடுப்பு மூட்டுகிறவர் வேறென்ன சொல்வார். முன்பு செய்துவந்த காரியங்களில் பலவற்றை விட்டுவிட்டீர்களா? ஆமா, ஜெயிலில் இருக்கிறேனே தாயி. உங்கள் நிலைமை இனி மாறாது என்று தோன்றுகிறதா? ஆமா; விடுதலை கேட்டுப் போட்ட மனு அந்த மாதம்தான் தள்ளுபடியாகி வந்திருந்தது. அந்த ஆமாக்களையெல்லாம் கூட்டினார்கள். கடும் மனச்சோர்வு என்று வந்தது. கடும் என்ற சொல்லைப் பார்த்ததும் அதிகாரிகளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. நாளைக்கு இந்த ஆள் தொங்கிவிட்டால் விசாரணைக்கு யார் நிற்பது? கத்தி கிடக்கிற இடம் வேண்டாம், நெருப்பு எரிகிற இடம் வேண்டாம் என்று ஆஸ்பத்திரி வார்டுக்கு மாற்றி, வார்டர் நாற்காலிக்கு நேர் எதிரே ஒரு கட்டிலைக் கொடுத்தார்கள். விளக்கை அணைப்பதில்லை. தோளில் கிடந்த துண்டையும் வாங்கிக்கொண்டார்கள், துண்டில் சுருக்குப் போடலாம் என்பதால்.

இதெல்லாம் செம்மலருக்கு இன்று காலையில்தான் தெரிந்தது. சொன்னவர் வார்டர் முனீஸ்வரன். அவள் வயசுதான் இருக்கும், மீசையை மட்டும் ஐந்தாறு வயசு முன்னால் அனுப்பியிருந்தார். "உங்க காலேஜ் பொண்ணு வந்துட்டுப் போச்சு மேடம், அன்னைக்கோட எங்க சாம்பார் செத்துச்சு" என்றார், சிரிக்காமல். அவள் சிரிக்கப் போய், பாதியில் நிறுத்தி, நிறுத்தியதற்காகக் கோபப்பட்டு, அந்தக் கோபத்தோடேயே ஆஸ்பத்திரி வார்டு வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இரண்டாம் சுற்று அவளுடையது. அதே முதியவர்கள், அதே கேள்விகள், ஒரு வருஷம் கழித்து. முதல் சுற்றை நடத்திய சீனியர் வேலை கிடைத்து பெங்களூருக்குப் போய்விட்டாள். அவள் கூட்டிய கூட்டலுக்கு இங்கே ஒரு மனிதர் துண்டில்லாமல் உட்கார்ந்திருப்பது அவளுக்குத் தெரியாது, தெரியப்போவதுமில்லை. சூப்பிரண்டு நல்ல மாதிரிதான் பேசினார். இந்தத் தடவை மார்க் குறைந்தால் பெரியவரை அடுப்படிக்கே அனுப்பிவிடுகிறேன், குறையாவிட்டால் என்னைக் கேட்காதீர்கள் என்றார். மார்க் குறைந்தால். பரீட்சை எழுதியே வளர்ந்த செம்மலருக்கு மார்க் குறைந்து ஒருவர் பாஸாவது விசித்திரமாக இருந்தது. அந்த விசித்திரத்தையே கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள், எதிரே காசிலிங்கம் வந்து உட்கார்ந்து இரண்டு கைகளையும் முழங்கால் மேல் வைத்துக்கொள்ளும் வரை.

"உங்க வாழ்க்கையை நெனச்சா உங்களுக்குத் திருப்தியா இருக்காய்யா?"

"போன தடவை இல்லைன்னு சொல்லியிருக்கேன் தாயி. அதையே போட்டுக்கிடுங்க."

வேடிக்கையாகச் சொல்கிறார் என்று நினைத்தாள். அடுத்ததைக் கேட்டாள், அடிக்கடி சலிப்பாக இருக்கிறதா என்று. "அதுக்கு ஆமான்னேன்." பெரும்பாலும் சந்தோஷமாக இருக்கிறீர்களா என்று கேட்டபோது அவர் கண்ணை மூடிக்கொண்டார். மனப்பாடச் செய்யுளில் அடுத்த அடி தட்டுப்படாத பிள்ளையின் முகம். "பொறுங்க, இதுக்கு என்ன சொன்னேன்... இல்லை. இல்லைன்னுதான் சொன்னேன். ஆமா."

"ஐயா, போன தடவை சொன்னது எதுக்கு? இப்ப எப்படின்னு சொல்லுங்க."

"மாத்திச் சொல்லலாமா?" குரல் இறங்கிவிட்டது. வார்டர் பக்கம் ஒரு பார்வை. "மாத்திச் சொல்லித்தான தாயி உள்ள வந்தேன்."

"அப்ப குத்துனதுக்கு வரலையா பெருசு?" என்றார் முனீஸ்வரன் நாற்காலியில் இருந்தபடியே.

"அதுக்கும்தான்யா" என்றார் காசிலிங்கம், யாரோ கணக்கில் விட்டுப்போனதை எடுத்துக்கொடுத்த மாதிரி. பிறகு அவளிடம் திரும்பினார். "மாஜிஸ்ட்ரேட்டுகிட்ட ஒண்ணு சொன்னேன். பெரிய கோர்ட்டுல பயந்துக்கிட்டு வேற மாதிரி சொன்னேன். சர்க்கார் வக்கீல் ரெண்டையும் அடுத்தடுத்துப் படிச்சாரு. இதுல எதுய்யா பொய்யின்னாரு. எனக்கு வாய் வரலை. அன்னைக்கோட முடிஞ்சுது. அதுக்கப்புறம் எவன் கேட்டாலும் நமக்கு ஒரே பேச்சுதான். நீங்க மொத ஆளா என்ன, இங்க எல்லாருக்கும் தெரியும். பெரியவங்க நாங்க சொன்னா சொன்னதுதான்."

எல்லாருக்கும் தெரியும். செம்மலரின் பேனா அப்படியே நின்றது. இந்த வாரம் முழுக்க அவள் பேசிய முதியவர்கள் ஒவ்வொருவராகக் கண்முன் வந்தார்கள். எந்தக் கேள்விக்கும் "அதேதான் அம்மணி" என்ற கொங்கு நாட்டுக்காரர், அலுப்பில் சொல்கிறார் என்று நினைத்தாளே. "முன்னர் கூறியதில் மாற்றமில்லை" என்ற முன்னாள் தலைமையாசிரியர், ஓய்வு பெற்றும் அந்த மிடுக்கு போகவில்லை என்று ரசித்தாளே. அவர்கள் யாரும் தங்கள் மனசைப் பார்த்துப் பதில் சொல்லவில்லை. போன வருஷத்து வாயைப் பார்த்துச் சொன்னார்கள். கேள்வி கேட்கிறவர் யாராக இருந்தாலும் அது விசாரணை, சொல்வது எதுவானாலும் அது வாக்குமூலம், மாற்றிச் சொன்னால் மாட்டிக்கொள்வாய். இரண்டு சுற்றும் அச்சு அசலாகப் பொருந்துகிறது என்று நேற்று போனில் அவளுடைய வழிகாட்டி, பேராசிரியை அமலோற்பவம், எவ்வளவு சந்தோஷப்பட்டார். "இப்படி ஒரு பொருத்தத்தை நான் பார்த்ததே இல்லம்மா. அளவுகோல் ஆடாம நிக்குது பாரு." ஆடாமல் நிற்பது அளவுகோல் இல்லை மேடம், பயம். அதைச் சொல்லவேண்டும் என்று நாக்கு துறுதுறுத்தது, சொல்ல அமலோற்பவம் இங்கே இல்லை, இருந்தது காசிலிங்கம்தான், ஆகவே அவள் அவரிடம் சொல்லிவிட்டாள். யோசிக்காமல், படபடவென்று. "இது கோர்ட் இல்லைங்கய்யா. மாத்திச் சொன்னா யாரும் கேக்க மாட்டாங்க. இன்னைக்கு நீங்க சொல்றதை வச்சுத்தான் உங்களைத் திரும்ப அடுப்படிக்கு அனுப்பறதா இங்கயே வச்சிருக்கறதான்னு முடிவு பண்ணப் போறாங்க. போன வருஷத்தை விட்டுருங்க. இன்னைக்கு எப்படி இருக்கீங்க?"

அவர் முழங்கால் மேலிருந்த கைகளைக் குனிந்து பார்த்தார்.

சொல்லி முடித்த பிறகுதான் தான் செய்த காரியம் அவளுக்கு உறைத்தது. பதிலால் என்ன கிடைக்கும், என்ன போகும் என்று கேட்கிறவள் வாய் திறக்கக்கூடாது, அது முதல் பாடம், முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுத்தது. இனி அவர் என்ன சொன்னாலும் அது திரிந்த பால். நல்லா இருக்கேன் என்றால் அது அண்டாவுக்காகச் சொன்னது. மோசமா இருக்கேன் என்றால் அது போன வருஷத்துப் பேச்சைக் காப்பாற்றச் சொன்னது. இரண்டுக்கும் நடுவில், எங்கோ, இவர் உண்மையிலேயே எப்படி இருக்கிறார் என்று ஒன்று இருக்கத்தானே வேண்டும், சாப்பிட்ட தட்டு மாதிரி, காய்ச்சல் மாதிரி, இருக்கிற பொருளாக. அது இருக்கிறதா? அதைத் தொட எந்த வழியில் போவது? துறைக் கருத்தரங்கில் அவள் எழுந்து சண்டை போட்டது ஞாபகம் வந்தது. இந்தக் கேள்விகள் எங்கேயோ குளிர்தேசத்தில், ஞாயிற்றுக்கிழமை பேரப்பிள்ளைகள் வந்து பார்த்துவிட்டுப் போகும் கிழவர்களுக்காகச் செய்தவை, பூட்டின கதவுக்குள் இவை செல்லாது என்றாள். அமலோற்பவம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அளவுகோலைத் திட்டறதுக்கு முன்னாடி அளந்து பழகும்மா." எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இப்போதும் காதோரம் சுட்டது, ஆனால் சுடுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே இன்னொரு கேள்வி முளைத்தது. அளவுகோல் தப்பு என்று சொன்னவள், சரியான அளவுகோல் எது என்று சொன்னாளா? இல்லை. தப்பு என்று சொல்வதில் இருக்கும் ருசி அதில் இல்லை. இந்தச் சோர்வு இப்போது உண்மையாகவே வந்திருக்குமே, அதுதான் கொடுமை. போன வருஷம் இல்லாத நோயை எழுதினார்கள், அதற்கு மருந்தாக அடுப்பைப் பிடுங்கினார்கள், விளக்கை அணைக்காமல் வைத்தார்கள், இந்த வருஷம் நோய் வந்து கட்டிலில் படுத்திருக்கும். எழுதியது பலித்துவிட்டது. அப்படியானால் சீனியர் தப்பாக எழுதினாளா, முன்கூட்டி எழுதினாளா? சீ, என்ன வாதம் இது.

அப்பா. ஏன் இப்போது அப்பா. அப்பா அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், தினமும் போனில் நல்லா இருக்கேன் என்கிறவர். கேள்விகளைக் கேட்டுப் பழக வேண்டும் என்று விடுமுறையில் முதல் ஆளாக அவரைத்தான் உட்காரவைத்தாள். நீங்கள் தனியாக இருப்பதாக உணர்கிறீர்களா? "நல்லா இருக்கேன்னே எல்லாத்துக்கும் போடும்மா, உனக்கு அதுதான வேணும்" என்று சொல்லிவிட்டு டீ போட எழுந்துபோனார். எல்லாத்துக்கும் நல்லா இருக்கேன் என்று போட முடியாதுப்பா, சில கேள்விக்கு ஆமா நல்லது, சில கேள்விக்கு இல்லை நல்லது என்று அவள் பின்னாலேயே விளக்கிக்கொண்டு போனாள். அவர் அடுப்புப் பக்கம் திரும்பியே நின்றார். பால் பொங்கிய பிறகும் திரும்பவில்லை. அந்த முதுகை அன்றைக்கு அவள் பார்த்தாள், பார்த்தது இன்றைக்குத்தான் தெரிகிறது. அம்மா போன பிறகு அப்பா யாரோடு பேசுகிறார்? கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமோ என்று கேட்கவில்லை. ஊரான் மனசையெல்லாம் அளந்து பட்டம் வாங்கப் போகிறவள். சரி, போதும், அதை இங்கே ஏன் இழுக்கிறாய், இவர் உன் அப்பா இல்லை, இவர் ஒரு கொலை... என்று வந்த சொல்லை அவள் மென்று விழுங்கினாள்.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பருப்பு வேகும் வாசனை வந்தது. வராந்தா முழுக்கப் பினாயில் நெடி, அதைத் துளைத்துக்கொண்டு வந்தது. காசிலிங்கத்தின் முகம் லேசாக நிமிர்ந்தது, நாசி விரிந்தது, உதடு அசைந்தது. செம்மலர் முன்னால் சாய்ந்தாள், பதில் வருகிறது.

"அடிப்புடிக்குது" என்றார் அவர், யாரிடமும் இல்லை.

"ஒன் மூக்கை மட்டும் கழட்டிக் குடு பெருசு, கொண்டுபோய் அங்க வச்சுட்டு வாறேன்" என்றார் முனீஸ்வரன். "மூக்குல சுருக்குப் போட முடியாதில்ல."

காசிலிங்கம் சிரித்தார். பல்லில்லாத, நிஜமான சிரிப்பு. செம்மலருக்குத் தூக்கிவாரிப்போட்டது. கடும் மனச்சோர்வு இப்படிச் சிரிக்குமா? சிரிக்கும், சிரிக்கும் என்று படித்திருக்கிறாள், தொங்குவதற்கு முந்தின நாள் வீட்டில் எல்லோரையும் சிரிக்கவைத்தவர்கள் கதை ஒவ்வொரு வகுப்பிலும் வரும். அப்படியானால் சிரிப்பும் சாட்சி இல்லை, சொல்லும் சாட்சி இல்லை, கையா? அந்தக் கைகள் முழங்கால் மேல் இருந்தன. வலது கை நடுவில் ஒருதரம் எழுந்து தோளுக்குப் போய், அங்கே ஒன்றும் இல்லாததைத் தடவிவிட்டு, இறங்கியது. கரண்டி பிடித்துக் காய்த்த கை. குத்தின கையும் அதுதான். குத்துனது என்று வார்டர் சொல்லியிருக்கவே வேண்டாம். யார் என்ன செய்து வந்தார்கள் என்று கேட்பதில்லை என்று தீர்மானம் செய்துகொண்டுதான் அவள் இந்த வாசலுக்குள் நுழைந்தாள், அதில் ஒரு பெருமைகூட இருந்தது. இப்போது அந்த ஒரு சொல் நெருஞ்சி முள்ளாக ஒட்டிக்கொண்டு வருகிறது. யாரை? அண்ணனையா, பெண்டாட்டியையா, யாரோ குடித்துவிட்டு வந்தவனையா? அடுப்படியில் வெங்காயம் நறுக்கும்போது அந்தக் கை அதை நினைக்குமா, நினைக்காதா? விடுதியில் அறைத்தோழி ஷகிலா கேட்டாளே. "செத்தவன் வீட்ல போய் அளந்தியாடி நீ? அந்த அம்மா சரியாத் தூங்குதான்னு கேட்டியா? கொன்னவன் தூங்கலைன்னு மட்டும் உங்களுக்கெல்லாம் பொத்துக்கிட்டு வருது." மெஸ் மூடும் வரை செம்மலர் வாதாடினாள். தண்டனை என்றால் அடைத்து வைப்பது, அதற்கு மேல் ஒரு துரும்பும் யாரும் போடக்கூடாது, துண்டைப் பிடுங்கத் தீர்ப்பில் இடமில்லை. துண்டு என்று அப்போது தெரியாது, வேறு என்னவோ உதாரணம் சொன்னாள். நன்றாகத்தான் வாதாடினாள். ஆனால் ஷகிலா கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை, அவள் கேட்காததற்கெல்லாம் சொன்னாள். செத்தவன் வீட்டில் யாரும் போய் அளக்கவில்லை. அது நிஜம். அந்த வீட்டிலும் விளக்கை அணைக்காமல் ஒருவர் படுத்திருக்கலாம். அதற்காக இங்கே அணைக்காமல் வைக்க வேண்டுமா? இல்லை. இரண்டு விளக்கையும் அணைக்க வேண்டும். ஆ, இதை அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். பதில் எப்போதும் மெஸ் மூடிய பிறகுதான் வருகிறது.

இவர் பதில் இன்னும் வரவில்லை. முகத்தைப் பார்த்தாள், ஒன்றும் தெரியவில்லை. எதையோ நிறுத்துப் பார்க்கிறவர் முகம் மட்டும் தெரிந்தது, ஒருவேளை அவளைத்தானோ. அப்போதுதான் பயம் வந்தது, கோபத்துக்கு அடியில் இத்தனை நேரம் படுத்திருந்த பயம். நாமே போட்டுவிடலாமே என்று ஒரு குரல். இல்லை, இல்லை, ஆமா, இல்லை என்று சரியான பக்கமாக வரிசையாகப் போட்டால் மார்க் விழுந்துவிடும், நாளைக்கு இவர் அண்டா முன்னால் நிற்பார், அநியாயம் தீர்ந்தது, யாருக்கு என்ன நஷ்டம்? போட்டு, இவர் போய், கத்தியும் நெருப்பும் கயிறும் கிடக்கிற இடத்தில், ஒருநாள் விடிவதற்கு முன்னால், எல்லோருக்கும் பொங்கல் வைக்க எழுந்தவர்... கீழே அவள் கையெழுத்து இருக்கும். போன வருஷம் அதிகாரிகளைப் பிடித்துக்கொண்டதே, அதே பயம்தான் இது, ஒரு நூல் வித்தியாசம் இல்லை, அவர்களைத் திட்டிக்கொண்டே அவர்கள் நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிட்டாள். ஆச்சரியமாக இருந்தது, வெட்கத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம். ஒரு மனிதன் துண்டைப் பிடுங்குகிறவர்கள் எல்லாம் கெட்டவர்கள் என்று எவ்வளவு சௌகரியமாக நினைத்திருந்தாள். அவர்களும் இப்படித்தான், பேனாவைப் பிடித்துக்கொண்டு, எதிரே இருக்கிறவர் வாயைப் பார்த்துக்கொண்டு, இவர் எப்படி இருக்கிறார் என்று தெரியாமல், தெரிந்துகொள்ள வழியும் இல்லாமல்... ஆனால் தெரியாது என்று எழுத அவர்கள் ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை. அவளுக்கு வருமா? தெரியாது என்றால் சூப்பிரண்டு எதைச் செய்வார்? இருக்கிற இடத்திலேயே வைப்பார். தெரியாது என்பதும் ஒரு கட்டில்தான், வார்டர் நாற்காலிக்கு நேர் எதிரே. எந்தப் பக்கம் திரும்பினாலும் இவருக்குத்தான் வலிக்கும். எதை எழுதுவது என்பதை விட்டுவிட்டு அவள் மனசு மெல்ல வேறொன்றைப் பற்றிக்கொண்டது. இவர் எப்படி இருக்கிறார் என்று அவளுக்கு உண்மையாகவே தெரிய வேண்டும். ஆய்வுக்கு இல்லை, அமலோற்பவத்துக்கு இல்லை, ஷகிலாவை ஜெயிக்க இல்லை. ராத்திரி முழுக்க எரிகிற விளக்கின் கீழே கண்ணை மூடினால் இவருக்கு என்ன வருகிறது? இந்த வராந்தாவுக்கு வந்ததிலிருந்து அவள் கேட்டதில் அது ஒன்றுதான் கேள்வி, மற்றதெல்லாம் வாசித்தது.

முனீஸ்வரன் எழுந்து, சோம்பல் முறித்து, குழாயடிக்கு முகம் கழுவப் போனார். தண்ணீர் தகரத்தில் விழுகிற சத்தம் கேட்டது. அதற்காகத்தான் காத்திருந்தவர் போல காசிலிங்கம் நாற்காலியை ஒரு விரற்கடை முன்னால் நகர்த்தினார்.

"மாத்திச் சொல்லலாம்னு சொன்னீங்கள்ல தாயி."

"ஆமாங்கய்யா."

"அப்ப மொதல்ல அடுப்படிக்கு அனுப்புற மாதிரி எழுதிருங்க" என்றார் அவர், சன்னமாக, குழாய்ச் சத்தம் ஓய்வதற்குள் முடித்துவிட வேண்டும் என்பது போல. "எழுதிட்டுப் பேனாவை மூடி உள்ள வச்சிருங்க. அதுக்கப்புறம் நான் எப்படி இருக்கேன்னு நெசத்தைச் சொல்லுதேன்."